முதலில் யாருக்குக் காய்ச்சல்?

கேள்வி மிகச் சிறியது. கேட்டவரும் பெரிய அதிகாரி அல்லர். தோளில் ஒரு துணிப்பை, ஒரு கையில் டார்ச் விளக்கு, மறு கையில் ஓரம் மடங்கிய குறிப்பேடு ஆகியவற்றோடு திருவேற்காட்டில் நமது இல்லத்து வாயிலில் வந்து நின்ற, நடுத்தர வயதுடைய ஒரு கொசு ஒழிப்புப் பணியாளர். “பாய், இந்தப் பதினைந்து நாளில் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?” என்று அப்பெண்மணி வினவினார். “இல்லையம்மா” என்றோம். “உள்ளே தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கலாமா?” என்றார். “வெள்ளையடித்துக் கொண்டிருக்கிறார்கள், பிறகு வாருங்கள்” என்றோம். அவர் ஏட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்.

நாம் இந்த விடையைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நம் மூத்த மகன் உள்ளறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

அது 2017ஆம் ஆண்டின் ஐப்பசி மாதம். நம் மகளின் நிக்காஹ் கார்த்திகையில் நடைபெறுவதாக இருந்தது. வெளியூரில் பணியாற்றும் மகன், தங்கையின் திருமண வேலைகளுக்காக விடுப்பெடுத்து வந்தவன், வந்த மூன்றாம் நாளே படுத்துவிட்டான். கண்ணின் பின்புறம் வலி. எலும்பெல்லாம் முறிவது போன்ற நோவு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோமே ஒழிய, மருத்துவரிடம் அழைத்துச் சென்றோமில்லை. ஊரெங்கும் டெங்கு என்ற பேச்சு. அந்தப் பெயர் நம் வீட்டு வாயிலில் ஒட்டிக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பர்? விருந்தினர் எப்படி வருவர்? “கல்யாண வீட்டுக்குக் காய்ச்சல் வீடு என்று பேர் வாங்க வேண்டுமா?” என்று நம் தமக்கையார் கேட்டபோது, நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஐந்தாறு நாளில் மகன் எழுந்து நடமாடினான். ‘இறைவன் காப்பாற்றினான், எவருக்கும் தெரியாமலே முடிந்தது’ என்று மனம் ஆறுதல் கொண்டது.

அது முடிவன்று, தொடக்கம் என்பதை நாம் பின்னர் அறிந்தோம். இதை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

நாம் இத்தகைய காய்ச்சலை முன்பின் அறியாதவர் அல்லர். 2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியா தமிழகத்தைச் சுற்றி வளைத்தபோது, நாம் தொழச் சென்ற பள்ளிவாசலில் கடைசி வரிசை முழுவதும் நாற்காலிகள் நிறைந்திருந்ததைக் கண்டோம். ருகூவிலும் சுஜூதிலும் எளிதாய்க் குனிந்தெழுந்த வலுவுடைய ஆண்மக்கள், முழங்காலை மடக்க இயலாமல், அமர்ந்த நிலையிலேயே தொழுதனர். சிலருக்கு அந்த நோவு திங்கள் கணக்கில் நீடித்தது. அந்நாளில் நம் தந்தையார், “இது புதிது அல்ல, நான் மண்ணடியில் கடை வைத்திருந்தபோது சென்னையே இப்படித்தான் முடங்கிக் கிடந்தது” என்றார். முதியோர் எதையும் தம் இளமையோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம்தானே என்று அப்போது அதைப் பொருட்படுத்தினோமில்லை. பின்னர் தேடிப் படித்தபோதுதான் அவர் கூறியது வரலாறு என்பது விளங்கிற்று.

அந்த வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகின்றது. 1952ஆம் ஆண்டு, இன்று தான்சானியா எனப்படும் நாட்டின் தென்பகுதியில், மக்கொண்டே மேட்டுநிலத்தில், மூட்டுகளை முடக்கும் புதுக்காய்ச்சல் ஒன்று பரவியது. நோயாளர் நிமிர முடியாமல் வளைந்து நடந்ததைக் கண்ட மக்கள், ‘வளைந்து போதல்’ என்னும் பொருள்படத் தம் மொழியில் அதனைச் சிக்குன்குனியா என்றழைத்தனர். 1963இல் அந்நோய் கல்கத்தாவில் தோன்றியது. 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய ஊர்களைப் பற்றியது. நம் தந்தையார் மண்ணடியில் கண்டது அதைத்தான். 1973இல் மகாராட்டிரத்தின் பார்சி என்ற ஊரில் தலைகாட்டியபின், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் அது பெருந்தொற்றாகத் தோன்றவில்லை. மருத்துவர்களில் பலரும் அதனை மறந்தே போயினர்.

பிறகு 2004ஆம் ஆண்டில், கென்யக் கடற்கரையின் பழைய முஸ்லிம் துறைமுகமான லாமு தீவில் அது மீண்டும் எழுந்தது. அங்கே மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரைத் தொட்டதாகப் பின்னர் நடந்த குருதி ஆய்வு கூறிற்று. 2005இல் கொமொரோ தீவுகள். அடுத்து ரீயூனியன் தீவு. ரீயூனியனில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மக்கள் படுக்கையில் வீழ்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் அது கால்வைத்தது. 2006இல் இந்தியாவில் ஐயத்திற்குரிய நோயாளராகப் பதிவானோர் தொகை சுமார் 13.9 இலட்சம். பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தார் கிருமியின் மரபமைப்பைச் சோதித்தபோது, 1963 முதல் 1973 வரை கண்ட கிருமி ஆசிய வழியினது என்றும், 2006இல் கண்டது ஆப்பிரிக்க வழியினது என்றும் தெரிந்தது. பழைய பகைவன் உறங்கி விழித்தெழவில்லை. அவன் இனத்தானொருவன் கடல்கடந்து புதிதாய் வந்திருக்கின்றான்!

நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய அதே கடலைக் கிருமி எவ்வாறு கடந்தது? இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்கு மேல் பறப்பதில்லை. பிறந்த வீட்டையும் அண்டை வீடுகளையும் சுற்றியே அதன் உலகம் முடிந்துவிடுகின்றது. கடலைக் கடந்தவன் மனிதன். தன் குருதிக்குள் கிருமியைச் சுமந்துகொண்டு, தான் சுமப்பதை அறியாமலே அவன் பயணம் செய்தான். நெடுந்தொலைவுக்கு மனிதன், குறுந்தொலைவுக்குக் கொசு: இந்தக் காய்ச்சல்களின் போக்கு முழுவதும் இந்த இரு கால்களில்தான் நடக்கின்றது. டெங்குவின் கதையும் இதுவே. அதனை ஒத்த காய்ச்சல் சென்னையில் 1780ஆம் ஆண்டிலேயே குறிக்கப்பெற்றுள்ளது. இந்த இரண்டையும் பரப்புவது ஒரே கொசு. உடலிலும் காலிலும் வெண்வரி பூண்ட, பகலில் கடிக்கும் கொசு.

ஆதலின் இந்நோயின் தடத்தைக் காண விழைபவர், கொசுவின் பின்னால் ஓடுவதோடு மனிதரிடமும் கேட்டாக வேண்டும். ‘உங்களுக்கு எப்போது காய்ச்சல் வந்தது? அதற்குமுன் எங்கிருந்தீர்கள்?’ நம் வாயிலில் நின்ற பெண்மணி கேட்டதும் அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிருமியைத் தேடிய அறிஞர்க்கும், நம் தெருவில் டார்ச் விளக்கோடு வந்த அவருக்கும் கேள்வி ஒன்றே.

நாம் பொய்யுரைத்த மூன்றாம் வாரத்தில், அடுத்த வீட்டுப் பெண்குழந்தை படுத்தாள். ஏழு வயது. நம் இல்லாளை ‘அத்தை’ என்று அழைத்துக்கொண்டு நாள்தோறும் நம் கூடத்தில் வந்து விளையாடுபவள். அவள் தாய் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்து, கருமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நம் இல்லாள் தொழுகைக்குப்பின் கையேந்தி அழுதார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. இரு வீட்டாரும் மகிழ்ந்தோம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே கவனத்திற்குரிய வேளை என்பது நமக்குத் தெரியாது. குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அன்று மாலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள், மீண்டும் மீண்டும் வாந்தி, கைகால்கள் சில்லிட்டன. அவள் தந்தையோடு நாமும் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். தட்டணுக்கள் வெகுவாய்க் குறைந்திருந்தன. நரம்பு வழியே நீர்மம் ஏற்றி, மணிக்கு மணி நாடியும் குருதி அழுத்தமும் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்த இரவு முழுவதும் நடைவழிப் பலகையில் அவள் தந்தையின் அருகே அமர்ந்திருந்தோம். “உங்களுக்கு எதற்கு பாய் இந்தச் சிரமம், கல்யாண வேலை இருக்கிறதே” என்று அவர் இருமுறை கூறினார். நாம் தலைகுனிந்திருந்தோம்.

மறுநாள் காலை, உடைமாற்ற வீட்டுக்கு வந்தபோது, தெருவில் சுகாதார ஆய்வாளர் நின்றிருந்தார். அவர் கையில் தெருவின் படம், பேனாவால் வரைந்தது. குழந்தையின் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. எதிர்வரிசையில் இன்னும் இரண்டு புள்ளிகள். அவற்றுள் ஒன்று, முடக்குவாதத்தால் பல மாதங்களாக வாசற்படியைத் தாண்டாத ஒரு மூதாட்டியின் வீடு.

“குழந்தை பள்ளியிலே கடிபட்டிருக்கலாம். இந்தப் பாட்டி எங்கே போனார்? ஆகையால் கொசு இந்தத் தெருக் கொசுதான்” என்றார் ஆய்வாளர். பிறகு விரல்விட்டு எண்ணலானார். கடித்த நாளிலிருந்து காய்ச்சல் தோன்ற நான்கு முதல் பத்து நாள் ஆகும். அதற்குமுன், கிருமியை உறிஞ்சிய கொசு அதனைப் பிறர்க்குத் தரும் தகுதி பெற எட்டு முதல் பன்னிரண்டு நாள் வேண்டும். இரண்டையும் கூட்டிப் பின்னோக்கிச் சென்றால், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் இந்தத் தெருவில் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருக்க வேண்டும். “என் ஏட்டில் அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் ஒருவர் இருந்தே தீரவேண்டும், பாய். அவர் மட்டும் அன்றைக்கே தெரிந்திருந்தால், அந்த வீட்டைச் சுற்றி இருக்கிற தண்ணீரையெல்லாம் அன்றே கொட்டியிருப்போம்.”

நம் மகனை அவர் கண்டதில்லை. ஆயினும் நாட்களைக் கூட்டிக் கழித்தே, போர்வைக்குள் நாம் ஒளித்து வைத்தவனைக் கண்டுபிடித்துவிட்டார்! பெயரும் கதவிலக்கமும் மட்டுமே அவருக்குத் தெரியாதவை. அவற்றை நாம் சொன்னோம். சொல்லும்போது நா வறண்டது.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “எந்த நாள்? எந்த ஊரிலிருந்து வந்தார்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவன் தங்கியிருந்த ஊரின் அலுவலகத்திற்கும் இச்செய்தி போகும் என்றார். பின்னர் உள்ளே வந்தார்.

நம் இல்லம் தூய்மையானது என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. கொசு என்றாலே கூவத்தின்மேல் பழிபோடுவது நம் வழக்கம். ஆனால் அவ்வாற்றின் கழிவுநீரில் பெருகுவது வேறு வகைக் கொசு, இரவில் கடிப்பது. ஏடிஸ் கொசு நாடுவது தெளிந்த நீரை. அதை நாம் வைத்திருந்தோம். வெள்ளையடிப்பதற்காகப் பிடித்து, மூடாமல் விட்ட இரண்டு நீல டிரம்கள். கொல்லையில் வுளூ செய்வதற்கென வைத்த சிமெண்டுத் தொட்டி. பயன்பாடற்றுப் போயும் எறிய மனமின்றிப் போட்டு வைத்த அன்னையாரின் ஆட்டுக்கல், அதன் குழியில் ஐப்பசி மழைநீர். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு. ஆய்வாளர் விளக்கை அடித்துக் காட்டினார். டிரம்மிலும் தொட்டியிலும் ஆட்டுக்கல்லிலும் புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழிறங்கின. தூய நீரால் அங்கம் கழுவிய அதே இடத்தில் அண்டை வீட்டுக் குழந்தைக்கு நோயை வளர்த்திருக்கின்றோம்!

நூறு வீடுகளைச் சோதித்தால் எத்தனை வீடுகளில் புழு இருக்கின்றது என்பதை வீட்டுக் குறியீடு என்கின்றனர்; அந்நூறு வீடுகளில் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பதைப் பிரெட்டோ குறியீடு என்கின்றனர். அன்று நம் ஒரு வீடு, ஒரு கணக்கில் ஒன்றையும், மறு கணக்கில் நான்கையும் சேர்த்தது. டிரம்கள் இரண்டு, தொட்டி ஒன்று, ஆட்டுக்கல் ஒன்று. நீரைக் கொட்டிவிட்டால் போதாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். இக்கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டுகின்றது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிர்தாங்கிக் கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். பொரித்தபின் ஏழெட்டு நாளில், பத்து நாளில், சிறகு முளைத்துவிடும். எனவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவைத்தலே வழி. கொட்ட முடியாத தொட்டிகளுக்கு அபேட் மருந்து, இறுக மூடுதல்.

நீரை ஏன் இப்படிச் சேமிக்கின்றோம்? வயலும் ஏரியுமாய் இருந்த திருவேற்காட்டுப் பகுதியில் இன்று மனைகளும் அடுக்ககங்களும் நிறைந்துவிட்டன. மழைநாளில் தெருவில் வெள்ளம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருத்தல். நாளை வருமோ வராதோ என்ற அச்சமே டிரம்மை நிரப்பச் செய்கின்றது. 2012இல் கடையநல்லூரை டெங்கு உலுக்கியபோதும், வீடுதோறும் சேர்த்து வைத்திருந்த நீரே கொசுவிற்குத் தொட்டிலாயிற்று என்பதை, அங்கே உறவுள்ள நம் குடும்பங்கள் நன்கறியும். நீர்வழங்கலைச் சீர்செய்வது அரசின் கடன். அதை வற்புறுத்திக் கேட்பது நம் உரிமை. அதுவரை மூடி போடுவது நம் கையில் இருக்கின்றது.

அன்று மாலை மருத்துவமனைக்குத் திரும்பி, குழந்தையின் தந்தையிடமும் உண்மையைக் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சொல்லியிருந்தால் நாங்களும் சீக்கிரம் கூட்டி வந்திருப்போம்” என்றார். அவ்வளவே. அந்த ஒரு வாக்கியம் இன்றும் நம்மோடு இருக்கின்றது. அவர் மொழிந்ததில் சினம் இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். தெருவில் டெங்கு இருக்கின்றது என்ற ஒரே செய்தி அவர்க்குத் தெரிந்திருந்தால், முதல் நாளே குருதியைச் சோதித்திருப்பார். தணிந்த காய்ச்சலைக் கண்டு ஏமாந்திருக்கமாட்டார். நாம் மறைத்தது நம் வீட்டுச் செய்தி என்று எண்ணினோம். அது அவர் வீட்டுச் செய்தியாகவும் இருந்தது.

இறையருளால் ஐந்தாம் நாள் குழந்தை கண்விழித்து உணவு கேட்டாள். மூதாட்டியும் மற்றவரும் தேறினர்.

மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்கலாகாது என்று துணிந்து, அடுத்த நாளே நேரில் சென்றோம். நடந்ததையெல்லாம் கேட்ட சம்பந்தி, சற்று நேரம் தம் மனைவியாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “எங்கள் வீட்டிலும் சென்ற மாதம் இருவருக்கு வந்தது. நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று நாங்களும் சொல்லவில்லை” என்றார்.

இரண்டு குடும்பங்கள், ஒன்றுக்கொன்று அஞ்சி, ஒரே பொய்யை இருபுறமும் வளர்த்திருக்கின்றோம். எத்தனை தெருக்களில் எத்தனை குடும்பங்களோ! அவ்வாண்டில் தமிழகத்தில் டெங்குவினால் பாதிக்கப்பட்டோராகத் தேசியக் கணக்கில் ஏறியவர் 23,294 பேர். உயிரிழந்தோர் 65 பேர். நம் மகன் அந்த எண்ணில் இல்லை. சம்பந்தி வீட்டார் இருவரும் இல்லை. கணக்கில் எண் கூடுவது ஊருக்கு இழுக்கு என்று எண்ணுவோர் உளர். விடுபட்ட ஒவ்வொருவரும் ஒரு தெருவின் படத்தில் விழுந்த ஓட்டை என்பதே நாம் கண்டது. அந்த ஓட்டையின் வழியேதான் நோய் அடுத்த வீட்டிற்குள் நுழைகின்றது.

நிக்காஹ் குறித்த நாளில் எளிமையாக நடந்தேறியது. குழந்தை சற்று இளைத்த முகத்தோடு வந்து, மணப்பெண்ணின் அருகில் அமர்ந்திருந்தாள். பந்தலின் பின்னால் சமையலுக்கென நிரப்பிய அண்டாக்கள் அனைத்தும் மூடியிருந்தன. நம் தமக்கையாரே நின்று மூடுவித்தார்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அதே பெண்மணி, அதே துணிப்பையோடு வந்தார். கதவை அகலத் திறந்தோம். தொட்டியைக் காட்டினோம். ஆட்டுக்கல் கவிழ்ந்து கிடந்தது. “காய்ச்சல் யாருக்காவது?” என்றார். “எனக்கு, நேற்று இரவிலிருந்து” என்றோம். அது வெறும் சளிக்காய்ச்சல் என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் அவர் நம் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்பர்களே, உங்கள் வாயிலிலும் அந்தக் கேள்வி ஒருநாள் வந்து நிற்கும். கேட்பவரிடம் பெரிய பதவி இராது, விடையோ சிறியது. அதற்கு உண்மையான விடை கூறுங்கள். உங்கள் சுவருக்கு அப்பால் உறங்கும் ஒரு குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய கடமை அது.